கடன் கொப்பியும் மாகாண சபையும்: ஒரு முதலாளியின் மகளுக்கு எழுதிய பதில்

மகள், உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். களுவாஞ்சிக்குடியில் அப்பாவுக்கு ஹாட்வெயார் கடை, வெல்லாவெளிப் பக்கம் ஒரு சிறிய நெல் ஆலை. கணக்குப் பார்ப்பது நீங்கள். மாகாண சபைத் தேர்தல் வந்தால் தங்கள் பட்டியலில் நிற்கும்படி ஒரு கட்சி அவரைக் கேட்டிருக்கிறது. வியாபாரம் செய்கிற ஒருவர் அப்படிப் போவது சட்டப்படி சரியா, முன்பு போனவர்களின் வியாபாரம் என்ன ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது: சரிதான். கடை வைத்திருப்பவர் போட்டியிடக் கூடாது என்று இலங்கையில் சட்டம் இல்லை. ஆனால் கடைசி வரியில், 'அப்பாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி உண்மையில் அதுதான் என்று எனக்குப் படுகிறது. அவர் வெல்வாரா தோற்பாரா என்பதைவிட, கடையும் மனிதரும் கெடாமல் திரும்பி வருவார்களா என்பதுதான் உங்களை நித்திரை கொள்ள விடாமல் செய்கிறது. அதற்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எண்பதுகளில் மட்டக்களப்புக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். பிறகு பிரதேச சபைக் கணக்குகள், கடைசிப் பத்து வருடம் மாகாணத்தின் கணக்குப் பிரிவு. கிழக்கு மாகாண சபை இயங்கிய காலத்தில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒதுக்கிய காசில் நடக்கும் ஒதுக்கீட்டு வேலைகளுக்கான கோப்புகள் என் மேசையைத் தாண்டித்தான் போயின. நான் சட்டத்தரணி இல்லை. கட்சிகளுக்குள்ளே நடக்கும் பேரங்களை நான் பார்த்ததும் இல்லை. அம்பாறைக் கரையோரத்தை விட மட்டக்களப்பைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். காசு எந்த வழியால் வந்து எந்த வழியால் போனது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில், அப்பா போக நினைக்கும் இடம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். கிழக்கு மாகாண சபையில் 37 இடங்கள். அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு மேலதிகமாக 2. வடக்கிலிருந்து பிரிந்த பிறகு இரண்டே தடவைதான் தேர்தல் நடந்தது: 2008 மே, 2012 செப்டெம்பர். இரண்டாவது சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அதே வருடம் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டு வந்தார்கள். அதற்கு வேண்டிய தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் தோற்றதோடு எல்லாம் அந்தரத்தில் நின்றுவிட்டது. அதாவது 2017இல் 'அடுத்த முறை நான்தான்' என்று போஸ்டர் அளவுக்குப் படம் எடுத்து வைத்தவர்கள் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் சிலர் அந்தக் காத்திருப்பிலேயே கடையைக் கரைத்தார்கள். ஊரில் நடக்கும் ஒவ்வொரு விளையாட்டுப் போட்டிக்கும், திருவிழாவுக்கும், செத்த வீட்டுக்கும் 'எதிர்கால உறுப்பினர்' என்ற முறையில் கொடுத்துக்கொண்டே இருந்தால் எந்தக் கல்லாவும் தாங்காது.

கட்சிகள் ஏன் வியாபாரிகளைத் தேடுகின்றன என்பதையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். 2008இலும் 2012இலும் இருந்தது விகிதாசார முறை. மட்டக்களப்பில் 11 இடத்துக்கு ஒரு கட்சி 14 பேரை நிறுத்தும். வாக்காளர் கட்சிக்கு ஒரு வாக்குப் போட்டு, அந்தப் பட்டியலில் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். ஆகவே வேட்பாளரின் உண்மையான போட்டி எதிர்க் கட்சியோடு இல்லை, தன் பட்டியலில் உள்ள மற்றப் பதின்மூன்று பேரோடுதான். அந்தப் போட்டிக்கு வாகனம், ஆட்கள், சாப்பாடு, அச்சு, எல்லாம் அவரவர் கையிலிருந்து. வியாபாரியிடம் லொறி இருக்கும், கையில் புழங்கும் காசு இருக்கும், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் முகம் தெரிந்த ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த ஊரின் வாக்குகளைப் பட்டியலுக்குக் கொண்டு வந்து சேர்த்துவிட்டு அவர் தோற்றுப் போனாலும் கட்சிக்கு லாபம்தான். உங்கள் அப்பாவிடம் வந்தவர்கள் வெல்லக்கூடியவர் என்று நினைத்து வந்தார்களா, வாக்குச் சேர்ப்பவர் என்று நினைத்து வந்தார்களா என்பதை நேரடியாகக் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. கொள்வனவு செய்யும்போது எத்தனை கேள்வி கேட்பார், அதே மாதிரிக் கேட்கட்டும்.

வென்றால் என்ன? திருகோணமலையில்தான் மாகாண சபை. மட்டக்களப்பு நகரிலிருந்தே ஏறத்தாழ 130 கிலோமீட்டர், களுவாஞ்சிக்குடியிலிருந்து இன்னும் கூட. முதலமைச்சரும் நான்கு அமைச்சர்களும் போக மற்றவர்கள் எல்லோரும் சாதாரண உறுப்பினர்கள். உறுப்பினர் கொடுப்பனவை நம்பி யாரும் தேர்தல் கடனை அடைத்ததில்லை. நாடாளுமன்ற உறுப்பினரின் அடிப்படை மாதக் கொடுப்பனவாகவே 54,285 ரூபாய்தான் இருந்து வந்தது, மற்றப் படிகள் வேறு. ஒரு முன்மாரி (பெரும்போக) அறுவடைக்கு நெல் எடுக்க உங்கள் ஆலைக்கு எவ்வளவு தேவை என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

இப்போது சட்டத்தில் உறுதியாகத் தெரிந்தவை. அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை, அரசோடு அல்லது அரச கூட்டுத்தாபனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் சட்டம் குறிப்பிடும் வகையான ஆதாயத் தொடர்பு வைத்திருப்பவரை நாடாளுமன்றத்துக்குத் தகுதியற்றவர் என்கிறது. இது புதிய யோசனை இல்லை. சுதந்திரக் காலத்துச் சோல்பரி அரசியலமைப்பிலும் இதே போன்ற ஏற்பாடு இருந்தது. மாகாண சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கச் சட்டம் தகுதியீனங்களைத் தனியாகச் சொல்கிறது. நாடாளுமன்றத்துக்கு இரட்டைக் குடியுரிமையும் இப்போது தடைதான். 2015இல் வந்தது, 2020இல் எடுத்தார்கள், 2022இல் திரும்பவும் வைத்தார்கள். கனடா, சுவிஸ் என்று போய்த் திரும்பி வந்து கடை போட்டவர்கள் நம் பக்கம் அதிகம் என்பதால் இதையும் குறிப்பிடுகிறேன். அடுத்தது, 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம். உறுப்பினரானால் ஒவ்வொரு வருடமும் மார்ச் 31இல் உள்ள நிலவரப்படி சொத்து, கடன் எல்லாவற்றையும் ஜூன் 30க்குள் வெளிப்படுத்த வேண்டும், மனைவியின் சொத்தும் தங்கியிருப்போரின் சொத்தும் அதில் வரும். சொந்த ஆதாயம் பதவிக் கடமையோடு மோதும் நலன் முரண்பாடு என்பதையும் அந்தச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அதே வருடத்தின் 3ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் செலவுக்கு உச்ச வரம்பு வைக்கிறது, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் தன் வரவு செலவைக் காட்ட வேண்டும். வென்றவர் மட்டுமில்லை, தோற்றவரும்தான். தோற்ற கவலையில் அந்தப் படிவத்தை மறந்தவர்கள் பிறகு நீதிமன்றப் படி ஏறினார்கள்.

இவ்வளவும் உறுதி. இனி வருவது சந்தேகத்துக்கு இடமான பகுதி. உங்கள் கடைக்கு மிக நெருக்கமான பகுதியும் இதுதான்.

அப்பா கொந்துராத்துக்காரர் (ஒப்பந்தகாரர்) இல்லை, அரசாங்கத்துக்கு நேரடியாக எதையும் விற்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. ஆனால் பிரதேச சபை வேலையும் மாகாண வீதி வேலையும் எடுக்கிறவர்கள் சீமெந்தும் கம்பியும் உங்கள் கடையில்தானே கடனுக்கு எடுக்கிறார்கள்? அவர்களுடைய பில் எப்போது பாஸ் ஆகும் என்று நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? கிழக்கில் ஹாட்வெயார் வியாபாரத்தின் அடித்தளமே இந்தக் கடன்தான். திறைசேரிக் காசு பிந்தி வரும், கொந்துராத்துக்காரர் பிந்திக் கட்டுவார், கடைக்காரர் பொறுத்திருப்பார். இப்போது அந்தக் கடைக்காரர் மாகாண சபை உறுப்பினர். அவர் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து, 'இன்னாருடைய வவுச்சர் ஏன் இன்னும் இழுபடுகிறது?' என்று கேட்கிறார். பொது வேலை தாமதமாகக் கூடாது என்ற அக்கறையா, தன் கடன் திரும்பி வர வேண்டும் என்ற அவசரமா? மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அது தெரியாது. பல சமயம் கேட்டவருக்கே தெரிந்திருக்காது. இப்படிக் கடன் நிலுவை வைத்திருப்பது ஒப்பந்தத்தில் ஆதாயத் தொடர்பு ஆகுமா என்று நேராகச் சொல்லும் ஒரு வரியை நான் எந்தச் சட்டத்திலும் வாசித்ததில்லை. ஆகாது என்று வாதாடும் சட்டத்தரணியும் இருப்பார், நலன் முரண்பாடுதான் என்று வாதாடுபவரும் இருப்பார். ஆலையைச் சித்தப்பா பெயருக்கு மாற்றலாம், கடையை அம்மா பெயருக்கு எழுதலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். காகிதத்தில் பெயர் மாறி, சாயந்தரம் கல்லாப்பெட்டியை அப்பாவே எண்ணினால், அந்த மாற்றம் பாதுகாப்பு இல்லை. விசாரணை என்று வந்தால் ஒளித்ததற்குச் சாட்சியாகத்தான் நிற்கும்.

ஆனால் நான் பார்த்தவரையில் வியாபாரி உறுப்பினர்கள் விழுந்தது பெரிய ஊழலில் இல்லை. அவர்கள் தங்கள் நல்ல குணத்தில் வழுக்கினார்கள். ஒருவரின் கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

2011 ஜனவரி வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும், சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். படுவான்கரையில் ஒரு உள்வீதி மதகோடு அறுத்துக்கொண்டு போனது. அந்தப் பக்கம் நான்கு கிராமம். கர்ப்பிணிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் தோணியில் கடத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பகுதி உறுப்பினர் ஒரு அரிசி வியாபாரி. தண்ணீர் வடிந்ததும் தன் லொறியில் கிறவல் (சரளை மண்) ஏற்றினார், ஹியூம் குழாய் வாங்கினார், மண்வெட்டும் இயந்திரம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். இரண்டே நாளில் வீதி ஓடியது. நாங்கள் அலுவலகத்தில் மதிப்பீட்டுப் படிவம் அச்சடித்துக் கொண்டிருந்த நேரத்தில் அவர் வேலையை முடித்துவிட்டார். சனங்கள் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எனக்கும் அவர்மேல் பெரிய மரியாதை வந்தது, அது இன்றும் குறையவில்லை.

மாசி முடிந்து அறுவடை தொடங்கியது. நெல் எடுக்க அவருக்குக் காசு வேண்டும். போட்ட காசை எடுத்துத் தரும்படி பில்களோடு வந்தார். பொதுக் காசில் ஒரு வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் மதிப்பீடு, பிறகு அனுமதி, பிறகு கேள்விப்பத்திரம் (டெண்டர்) அல்லது கிராமச் சங்கத்தோடு ஒப்பந்தம், அதன் பிறகுதான் வேலை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்து எழுதிய பிறகுதான் காசு. இங்கே வேலை முதலில் நடந்துவிட்டது, மற்ற எதுவும் இல்லை. யாராலும் அந்தப் பில்லுக்குக் காசு கொடுக்க முடியாது. அவருக்கு அது விளங்கவே இல்லை. 'வீதி இருக்கிறதா இல்லையா? போய்ப் பாருங்கள்!' என்றார். கடைக் கணக்கில் அது முழு நியாயம். சாமான் போய்ச் சேர்ந்துவிட்டது, காசு கொடுக்க வேண்டியதுதான். பொதுக் கணக்கில் அந்த நியாயம் செல்லாது.

பிறகு யாரோ ஒரு வழி சொன்னார்கள். பக்கத்துக் கிராமத்தில் இன்னொரு வீதிக்குக் கிறவல் போட, கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றுக்கு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. அங்கே கிறவலைக் குறைத்துப் போட்டு, மிஞ்சுவதை இந்தக் கணக்குக்கு எடுப்பது. சங்கத் தலைவர் ஒரு கமக்காரர். உறுப்பினர் தங்கள் வீதியைப் போட்டுத் தந்தவர் என்ற நன்றியில், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்து வைத்தார். வேலை பூர்த்தி என்ற சான்றிதழை நம்பி அந்தக் கோப்பில் நானும் குறிப்பு எழுதி அனுப்பினேன். அடுத்த வருடம் கணக்காய்வுக்காரர்கள் வீதியை மூன்று இடத்தில் தோண்டிக் கனத்தை அளந்தார்கள். காகிதத்தில் இருந்த கனம் நிலத்தில் இல்லை. கேள்வி உறுப்பினருக்கு வரவில்லை, ஏனென்றால் அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. கையெழுத்து வைத்த கமக்காரருக்கு வந்தது. வயலை விட்டுவிட்டு மாதத்துக்கு இரண்டு தடவை அலுவலகத்துக்கு வந்து வாங்கில் இருப்பார். கடைசியில் உறுப்பினரே காசைக் கொடுக்க, அதைக் கட்டி முடித்தார்கள். ஆனால் ஊரில் அந்தத் தலைவருக்குக் கிறவல் திருடியவர் என்ற பெயர் விழுந்துவிட்டது. கோயில் சபையிலிருந்து தானாகவே விலகிக் கொண்டார். அந்த மனிதரின் முகத்தை நான் மறக்கவில்லை. சான்றிதழை நம்புமுன் ஒரு தடவை போய் வீதியைப் பார்த்திருக்கலாமே என்ற எண்ணமும் என்னை விட்டுப் போகவில்லை.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: கொடுத்தால் கொடுத்ததாக இருக்க வேண்டும். லொறியை அனுப்புகிற அன்றைக்கே, 'இது என் நன்கொடை, திருப்பிக் கேட்கமாட்டேன்' என்று ஒரு கடிதம் எழுதிப் பிரதேச செயலாளருக்கு அனுப்பிவிட வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத மனம் வரவில்லை என்றால் லொறியை அனுப்பக் கூடாது. கொஞ்சம் கொடுத்து, கொஞ்சம் பிறகு எடுக்கலாம் என்ற நினைப்புத்தான் மனிதரைக் கெடுக்கிறது. தேர்தல் காலத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாக்கை எதிர்பார்த்து வாக்காளருக்குப் பொருள் கொடுப்பது தேர்தல் சட்டப்படி குற்றம். வருடா வருடம் கோயிலுக்குக் கொடுக்கிற பத்துப் பை சீமெந்துகூட, வேட்பாளரான பிறகு கொடுத்தால் வேறு அர்த்தம் எடுக்கும்.

வியாபாரிகள் சபைக்கே போகக் கூடாது என்று நான் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களிடம் இருக்கும் ஒரு திறமை ஆசிரியரிடமோ சட்டத்தரணியிடமோ சுலபமாகக் கிடைக்காது: விலை தெரியும். ஒரு பாடசாலைக் கட்டட மதிப்பீடு வந்தபோது, ஒரு கட்டுமானப் பொருள் வியாபாரி, அவரும் உறுப்பினர்தான், தாளைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'பக்கத்து ஆற்றில் மண் இருக்க, ஏன் இவ்வளவு தூரத்திலிருந்து ஏற்றக் கூலி போட்டிருக்கிறது?' மற்ற எல்லோரும் கடைசித் தொகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். மதிப்பீடு திரும்பிப் போய்த் திருத்தி வந்தது. அவர் ஐந்து வருடமும் அப்படியே இருந்தார். தன் ஒதுக்கீட்டு வேலை எதற்கும் தன் கடையிலிருந்து ஒரு ஆணிகூடப் போகக் கூடாது என்று முகாமையாளருக்குக் கட்டளை போட்டிருந்தார். அந்த வருடங்களில் அவருடைய விற்பனை குறைந்தது உண்மை. சபை முடிந்ததும் அடுத்த நாள் காலையில் கடையில் போய் இருந்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குக் கம்பி வாங்கப் போனபோது, அவரே ரசீது எழுதித் தந்தார்.

நன்றாகச் செய்யாத இடமும் உண்டு. கடையில் முதலாளி சொன்னால் பத்து நிமிடத்தில் நடக்கும். சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறினாலும், ஆளுநர், பிரதம செயலாளர், திட்டமிடல், திறைசேரி என்று அது நடந்துதான் வர வேண்டும். மேலும், சனங்கள் கேட்கும் பெரிய விடயங்கள் பல மாகாண சபையின் கையிலேயே இல்லை. நெல்லுக்கு விலை நிர்ணயிப்பதும் நெல் சந்தைப்படுத்தும் சபையும் கொழும்பில். தேசிய பாடசாலைகளை நிர்வகிப்பதும் கொழும்பில். குருமண்வெளியிலும் அம்பிளாந்துறையிலும் பாலம் வேண்டும் என்று எத்தனை தேர்தலாகக் கேட்டு வந்திருக்கிறார்கள், அந்த அளவு காசு மாகாணத்தில் என்றைக்கும் இருந்ததில்லை. வாக்குக் கொடுத்தால் செய்து முடிக்க வேண்டும் என்று பழகிய வியாபாரிக்கு இது பெரிய மனவேதனை. அந்த வேதனையில்தான் பலர் சொந்தக் காசை எடுத்தார்கள்.

பொது வாழ்க்கையில் தெரிந்தவர்களின் கதையையும் கேட்டிருந்தீர்கள். வியாபாரத்திலிருந்து வந்து நம் மாவட்டத்தில் மிக உயரம் போனவர் என்றால் ஏறாவூர் நசீர் அஹமட்டைச் சொல்லலாம். 2012இல் முஸ்லிம் காங்கிரஸ் சார்பில் மாகாண சபைக்கு வந்து விவசாய அமைச்சரானார். அந்தச் சபையில் யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை: ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. கொழும்பில் ஆட்சி மாறியதும் 2015 பெப்ரவரியில் அவர் முதலமைச்சரானார். 2020இல் நாடாளுமன்றம், 2022இல் சுற்றாடல் அமைச்சர். கட்சி முடிவுக்கு மாறாக வாக்களித்ததால் கட்சி அவரை நீக்கியது, அந்த நீக்கம் செல்லும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஒக்டோபரில் தீர்த்ததும் ஆசனமும் போனது. இதிலிருந்து ஒரு புதிய வேட்பாளர் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆசனம் கட்சியின் கையில் இருக்கிறது என்பதைத்தான். கடையைப் போலச் சொந்த உறுதியில் வராது. பழைய கதை ஒன்றும் உண்டு. கல்முனையில் பெரும் செல்வாக்கோடு இருந்த கேட் முதலியார் எம்.எஸ்.காரியப்பர், இலஞ்ச விசாரணை ஆணைக்குழு ஒன்றின் முடிவுகளைத் தொடர்ந்து, 1965ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நாடாளுமன்ற ஆசனத்தை இழந்தார். வழக்கை அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை கொண்டு போயும் தோற்றார். குடும்பப் பெயரும் நிலபுலமும் அன்றைக்கே காப்பாற்றவில்லை.

கடைக்கு என்ன நடக்கும்? முதலில் கடன் திரும்பி வருவது நிற்கும். இதை நான் ஐந்தாறு பேரிடம் நேராகவே கேட்டறிந்தேன், எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். கடன் கொப்பியில் இருப்பவர் இப்போது வாக்காளர். 'அண்ணே, உங்களுக்காக இரவு பகலாக உழைச்சன்' என்று ஒருவர் சொன்ன பிறகு அவரிடம் நிலுவையைக் கேட்க எந்த வேட்பாளருக்கு வாய் வரும்? அடுத்தது, மற்றக் கட்சிக்காரரின் வீடுகள் கடையை மாற்றும். பழைய வாடிக்கை, ஆனாலும் மாறும். பிறகு கடைப் பையன்கள் ஒவ்வொருவராக அரசியல் வேலைக்குப் போவார்கள், ஆலையில் நெல் காயவைக்க ஆள் இருக்காது. மொத்த வியாபாரிகள் மட்டும் கொஞ்ச நாளைக்குக் கூடுதல் கடன் கொடுப்பார்கள், பதவி இருக்கிறது என்ற நம்பிக்கையில். அந்தக் கடன்தான் மிக ஆபத்தானது. பதவி முடிகிற அன்றைக்கு அவர்கள் எல்லோரும் ஒன்றாக வருவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அப்பாவுக்கு ஆசை இருந்தால், தடுக்காதீர்கள். ஊருக்குச் செய்ய வேண்டும் என்ற ஆசை கெட்ட ஆசை இல்லை. ஆனால் வேட்புமனுவுக்கு முன்னாலேயே சில வேலைகளை முடிக்கச் சொல்லுங்கள். தேர்தலுக்கு என்று தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, இழந்தாலும் ஆலை ஓடும் என்ற அளவுத் தொகையை மட்டும் அதில் போட வேண்டும். அது முடிந்தால் செலவும் முடிந்தது. அந்தத் தொகையை அவர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது, நீங்களும் அம்மாவும் இருந்து பேசி எழுதுங்கள். பொது வேலை எடுக்கும் கொந்துராத்துக்காரர்களுக்குக் கடன் கொடுப்பதை ஒரு திகதியோடு நிறுத்துங்கள். கைக்காசுக்கு வாங்கட்டும், இல்லையென்றால் வேறு கடைக்குப் போகட்டும். வென்றால், தன் கடையோடு தொடர்புள்ள எந்த விடயம் கூட்டத்தில் வந்தாலும், 'எனக்கு இதில் தொடர்பு இருக்கிறது' என்று சொல்லி எழுந்து வெளியே போக வேண்டும். அதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லியும் கேட்க வேண்டும். கோயில் வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) முதல் கட்சி அமைப்பாளர் வரை யார் கேட்டாலும், தன் ஒதுக்கீட்டு வேலையை இன்னாருக்குக் கொடுங்கள் என்று அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்கக் கூடாது. கடைசியாக, தகுதியீனம் பற்றித் தேர்தல் வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு சட்டத்தரணியிடம் கடைக் கணக்கோடு போய் எழுத்தில் கருத்து வாங்குங்கள். அந்த இடத்தில் என் சொல்லை நம்பி நிற்க வேண்டாம்.

உங்களுக்கென்றும் ஒன்று. அப்பா திருகோணமலையில் இருக்கும் நாட்களில் கல்லாவில் இருக்கப்போவது நீங்கள். காசோலையில், ரசீதில், ஏதாவது சங்கத்தின் விலைக் கூற்றில் உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள், 'அப்பாவுக்குத் தெரியும்' என்பார்கள். எந்த வேலை, எந்தச் சாமான், எந்தத் திகதி என்று நீங்களே கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். வாங்கில் இருந்த அந்தக் கமக்காரரை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். கடன் கொப்பியை எடுத்து, பிரதேச சபை வேலையோ மாகாண வேலையோ செய்கிறவர்களின் நிலுவையை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். யாருடைய பெயரையும் இங்கே போட வேண்டாம். மொத்த நிலுவையில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று மட்டும் எழுதுங்கள். பத்தில் ஒன்றாக இருந்தால் பிரிப்பது சுலபம். பாதிக்கு மேல் என்றால் முதலில் எதை நிறுத்துவது, எவ்வளவு காலத்தில் வசூலிப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தொகையைப் பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.